மூன்று துளையும் ஒரு சாண் தையலும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தையலையும் பார்த்துவிட்டுப் போனால்தான் வந்தது போலிருக்கும். எங்கள் பாலா ஊர்ச் சனங்கள் அப்படித்தான், அச்சனே. நீங்கள் போன மாதம்தான் இந்தப் பங்குக்குச் சாமியாராக மாறி வந்தீர்கள், போகப்போகப் புரியும்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் மஸ்கட்டிலேயே போய்விட்டன. அங்கே பேக்கரி வைத்திருந்தேன். நோய் என்று தெரிந்தால் கடையை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்று ஊரில் மூச்சு விடவில்லை. கொச்சியில் வைத்து அண்ணன் வர்க்கிச்சன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். கொடுக்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் துளை போட்டுத்தான் எடுக்கிறார்கள். வயிற்றில் மூன்று சின்னத் துளை, வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு கீறல். அதுவும் உள்ளாடைக்குள் மறைந்துவிடும். இரண்டு மூன்று நாளில் அவன் நடந்து போய் டீ குடித்துவிட்டு வந்தான். வாங்கிக்கொண்ட எனக்குத்தான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத் தைத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் அன்னம்மாச் சித்தி என் வேட்டியை விலக்கித் தையலைப் பார்த்தாள்.

"அடப் பாவமே, இவ்ளோ பெருசா அறுத்தா எடுத்தாங்க? அண்ணனுக்காகவாடா ராசா?" என்று அழுதாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் பிறவியிலேயே ஒட்டடைக்கம்பு. நானோ மாத்திரையின் தயவில் முகம் உப்பிப் பூரித்திருந்தேன். "இவன் சீக்காளின்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றாள்.

அழுகிறவளைத் திருத்துவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தேன். அண்ணனும் சிரித்துக்கொண்டான். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அவனுக்குப் பிடிக்காது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாமென்றால் வாங்கி வந்தவர்கள் மனம் நோகும்.

அண்ணனுக்கு நாற்பது வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. ரோசிலி, தையல் டீச்சர். சீக்காளி என்ற பேச்சு காதில் விழுந்ததும் அவள் அப்பன் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அண்ணன் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். "என்னப்பா இது, கொசு கடிச்ச மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அடிவயிற்றுக் கீறலைப் பெண் வீட்டில் காட்ட முடியுமா?

அன்றுதான் அவன் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டான். "டேய் பாப்பச்சா, ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். அந்த ஒரு வீட்ல மட்டும் உண்மையச் சொல்லிட்டு வாடா. எனக்கு அவள ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லத்தான் போனேன், கர்த்தர் சாட்சி. அப்பமும் ஸ்டூவும் வைத்தார்கள். ரோசிலி கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு அப்பம் வெக்கட்டுமா சேட்டா? ரத்தம் ஊறணும்ல."

வாயில் சாப்பாட்டோடு பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். தட்டு காலியானபோது அவள் அப்பன் என் வயதைக் கேட்டார்.

கல்யாணப் பந்தியில் அண்ணன்தான் நின்று பரிமாறினான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இப்போது உங்களிடம் வந்து அழுதானாம். என்னை நன்றி கெட்டவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அச்சனே. ரோசிலியிடம் வைட்டமின் என்று சொல்லி, அவன் கொடுத்தது உடம்பில் தங்குவதற்கான மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். அவளையும் ஒரு குறை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டுதான். அவனிடமே இருந்திருந்தால் இரண்டின் அருமையும் அவனுக்குத் தெரிந்திருக்காது.