ஏழு நாள் தளம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா, உங்கள் விசாரணை அலுவலக நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. இனி நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மூக்குக்கண்ணாடிமேல் சத்தியம். அது இல்லாவிட்டால் எனக்குத் தூணும் தெரியாது, துரும்பும் தெரியாது.

முப்பத்தோரு வருடம் ஒரே கட்டட நிறுவனத்தில் மதிப்பீட்டாளர். வரைபடத்தைப் பார்த்தால் போதும், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வாயைத்தான் முதலாளி கணினிக்குள் இறக்க நினைத்தார். நிபுணரைப்போல யோசிக்கும் மென்பொருளாம். ஒரு பெண் பொறியாளர் மூன்று மாதம் என் எதிரே உட்கார்ந்து, எதை ஏன் முடிவெடுக்கிறேன் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். தங்கமான பெண். எழுதி முடித்ததும் எனக்கு ஓய்வு என்று முதலாளி பாதியிலேயே சொன்னபோது, முகம் வாடியது அவருக்குத்தான்.

நானூறு கேள்வி. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு உண்மையைச் சொன்னேன். அகலமான கான்கிரீட் தளத்தின் அடியில் கொடுத்த முட்டுக் கம்புகளை எப்போது பிரிக்கலாம் என்றதற்கு மட்டும், பதினான்கு நாளை ஏழாக்கினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்கால். எந்தப் பள்ளியிலும் பாஸ்.

யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. மேஸ்திரி என் மனைவியின் தம்பி. இருபது வருடமாக என்னைக் கேட்காமல் ஒரு கம்பைத் தொட்டதில்லை. திரையில் ஏழைப் பார்த்ததும் ஓடிவருவான், நான் திருத்துவேன், மென்பொருள் குப்பைக்குப் போகும், என் வேலை எனக்கே. இவ்வளவுதான் திட்டம்.

எட்டாம் நாள் காலை அவன் பிரிக்கச் சொன்னபோது ஆள்கள் தயங்கினார்களாம். "பயப்படாதீங்கடா, உள்ள இருக்கறது எங்க மாமா மூளை" என்று தானே முன்னால் போய் நின்றானாம். தளம் அவன்மேலும் இன்னும் மூன்று பேர்மேலும் இறங்கியது.

காரணம் கண்டறிய ஒரு நிபுணர் தேவைப்பட்டார். என்னைத்தான் கூப்பிட்டார்கள். மென்பொருளின் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று, எனக்குத் திரும்பி வந்தது. அவருடைய குறிப்பேட்டில் என் ஏழு பத்திரமாக இருந்ததால்தான் இன்று உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே என் குற்றம் ஒரே ஒரு எண். மற்றதெல்லாம் மேஸ்திரியின் அவசரம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மனைவியிடமும் சொல்லி அழுதேன்.

கேட்டான். ஏழாம் நாள் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "மாமா, ஏழுன்னு காட்டுது, பிரிச்சிடலாமா?" என்றான்.

"அதான் காட்டுதே" என்றேன்.