‘யாதோவித்தி’யின் வேர்

சூப் என்றால் எனக்குக் காளான் சூப்தான், அதிகாரி ஐயா. இலையுதிர்காலம் வந்துவிட்டால் இந்தக் கிராக்கவ் நகரில் கூடையோடு காட்டுக்குப் போகாதவர் யார்?

ஹல்ஷ்கா அம்மையாரும் நானும் சேர்ந்துதான் போவோம். அவர் எங்கள் போலிஷ் சொற்பிறப்பு அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர். நான் அங்கே உப்புக்குச் சப்பாணி. கடைசியாக ‘யாதோவித்தி’ என்ற உரிச்சொல்லில் முட்டிக்கொண்டோம். நஞ்சுள்ளது என்று பொருள். அதன் வேர் ‘வீங்குதல்’ என்பது என் கட்சி. வாழ்நாளையே அதற்குத்தான் கொடுத்தேன். ‘உண்ணுதல்’ என்பது அவர் கட்சி. நஞ்சின் பேரைச் சொல்லப் பயந்து முன்னோர்கள் அதைச் ‘சாப்பாடு’ என்றார்களாம். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் பதிவை அடித்துவிட்டுத் தன்னுடையதைச் சேர்த்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? வேறு வேலை தேடும் வயதும் எனக்கு இல்லை. செக்கு மாடு எங்கே போகும்?

காளானை அடியோடு திருகி எடுப்பவர்கள் உண்டு, தண்டைக் கத்தியால் அறுப்பவர்களும் உண்டு. அம்மையார் அறுக்கிற கட்சி. அறுத்தால், தண்டின் அடியில் மண்ணுக்குள் பை போன்ற உறை இருக்கிறதா என்று தெரியாது. பச்சைத் தொப்பிக் காளானுக்கு அந்தப் பை இருந்தால் அது ஆளைக் கொல்லும். அன்று அவர் ஒரு பச்சைத் தொப்பியை அறுத்த இடத்தில் குனிந்து பார்த்தேன். பை இருந்தது.

“கீழ என்னத்தத் தேடுற, செவெரின்? அங்கயும் வேர் ஆராய்ச்சியா?” என்று சிரித்தார்.

“ஒண்ணுமில்ல, மேடம்.”

சருகைத் தள்ளி அதை மூடினேன்.

அன்று மாலை வெண்ணெயில் வதக்கித் தின்றிருக்கிறார். மறுநாள் முழுக்க வாந்தி. அதற்கு அடுத்த நாள் போன் செய்தார்.

“இப்ப தேவலப்பா. ஆனா அந்தக் காளான் என்ன ருசிங்கிற! டாக்டரப் பாக்கணுமா?”

அந்த நஞ்சு அப்படித்தான். நடுவில் ஒருநாள் விட்டுக்கொடுக்கும், பிறகு ஈரலில் கைவைக்கும். அது எனக்குத் தெரியும். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

“எதுக்கு மேடம்? நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்,” என்றேன்.

அவர் போனபின், அஞ்சலியாக அவருடைய கடைசிப் பதிவை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அச்சிட முடிவு செய்தார்கள். மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ‘உண்ணுதல்’, ‘உண்ணுதல்’ என்று படித்துப் படித்து மூச்சு முட்டுகிறது. பேனாவை வைத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். சொந்தப் பகை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஒரு உதவி, ஐயா. பிரேதப் பரிசோதனை அறிக்கை உங்களிடம்தானே இருக்கிறது? ஈரல் வீங்கியிருந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.