இணைப்பிலேயே இருங்கள்

என் குரல் நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் இயந்திரத்துக்கான அறிவிப்பை வெளியாள் வைக்காமல் என்னையே பேசச் சொன்னார்கள். "உங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது. உதவி வரும்வரை இணைப்பிலேயே இருங்கள்." ஒரே மூச்சில் பேசி முடித்தேன்.

"தவறுதலா நடந்திருக்குமோ சார்?" என்று இரக்கப்பட்டுக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். பதினாறு வருடமாகத் தொலைபேசி நிலையத்தில் இருக்கிறேன். என் வேலையில் தவறு வராது.

முன்பு எங்களிடம் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று சாதாரண அழைப்புகளை இணைக்கும். மற்றது அவசர அழைப்புகளை, யார் எவர் என்று பார்க்காமல், உங்களிடம் அனுப்பிவிடும். செலவு குறையட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார்கள், ஒன்றாக்கியவன் நான். முதல் இயந்திரத்தில் சோதனைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. எங்கள் ஊழியர்களின் எண்கள்தான் அதில் இருக்கும். அவர்கள் அழைத்தால் அழைப்பு வெளியே போகாது, பதிவுக் குரல் மட்டும் பேசும். அதை அவசர அழைப்புக்கும் பொருந்தும்படி வைத்தேன். இல்லாவிட்டால் நாங்கள் சோதித்துப் பார்க்கும் போதெல்லாம் உங்கள் ஜீப் வந்து நிற்கும்.

ஜீப் எங்கள் வீட்டு வாசலிலும் நின்றது. மாடியில் அண்ணன், அண்ணி, கீழே நாங்கள். அண்ணனுக்கு முன்கோபம், கை ஓங்கிவிடுவான். எந்த வீட்டில்தான் இல்லை? அண்ணி உடனே போனை எடுத்துவிடுவார். மூன்று மாதத்தில் நான்கு தடவை. "என்ன, புதுசா ஜீப் வாங்கிட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அண்ணியிடம் தன்மையாகத்தான் பேசினேன். "வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு போகாதீங்க அண்ணி."

"வேற யார்கிட்ட போவேன் தம்பி? கீழதானே இருக்கீங்க, உங்க காதுல விழலையா?"

விழுந்தது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம்.

மறுநாள் அவர் எண்ணைப் பட்டியலில் சேர்த்தேன். அரை நிமிட வேலை. எந்தப் பிரிவு என்று கேட்ட கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதினேன். இதைத் தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு அண்ணி அழைத்தார். படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு, அண்ணன் கதவை உடைக்கும் வரை பத்தொன்பது நிமிடம் காத்திருந்தார். பால்கனி வழியாகக் கத்தியிருந்தால் தெருவே கூடியிருக்கும். உதவி வருகிறது என்று நம்பியதால் கத்தவில்லை. கொன்றது அண்ணன். அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், சரி. என் இயந்திரத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை.

ஒலிப்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான்காவது நிமிடத்தில் அண்ணி கேட்கிறார்: "தம்பி, நீங்களா பேசறது? கொஞ்சம் மேல வாங்க."

நான் பதில் சொல்லவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.