நீட்டிய கை

எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சியை அடிப்பது என் மனைவிதான். நான் நாற்காலிமேல் ஏறி நின்று, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று செய்தி சொல்வேன். யுத்த களத்திலும் ஏறக்குறைய அதே வேலைதான். ஓட்டல் மொட்டைமாடியில் குண்டு துளைக்காத சட்டையை மாட்டிக்கொண்டு, தூரத்துப் புகைக்கு முதுகைக் காட்டி, டி.வி. கேமராவைப் பார்த்துப் பேசுவேன். கீழே இறங்கினால் சாப்பாடு தயாராக இருக்கும். இந்த லட்சணத்தில் எனக்கு 'அஞ்சாநெஞ்சர்' என்று பட்டம் வேறு.

விருதுக் குழுவினரான நீங்கள் கேட்பது, விருது வாங்கித் தந்த அந்தக் காட்சியைப் பற்றி. அன்று என்னோடு வந்த மொழிபெயர்ப்பாளர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

அன்று தலைமை அலுவலகம் என்னைத் தெருவில் இறங்கச் சொல்லிவிட்டது. மாடி ஒன்றில் துப்பாக்கிக்காரன் ஒருவன், தெருவைக் கடப்பவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தோம். தண்ணீர்க் கேனோடு ஒரு பெண் எங்கள் பக்கத்திலிருந்து ஓடி, எதிர்ச் சுவரின் மறைவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இரண்டு பிள்ளைகள் அவள் காலைக் கட்டிக்கொண்டன. அருமையான காட்சி. கேமராமேன் அப்போதுதான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். என் வயிற்றெரிச்சலைக் கேட்க வேண்டுமா?

"அந்தம்மாவ இன்னொரு தடவ ஓடி வரச் சொல்லுங்க" என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம்.

"மேல ஆள் அப்படியே இருக்கான் சார். நான் சொல்ல மாட்டேன்."

நல்ல மனிதர். பிழைக்கத் தெரியாதவர்.

இத்தனை வருஷத்தில் அந்த ஊர் மொழியில் நான் கற்றுக்கொண்டது, நம் 'வாங்க'வுக்கு ஈடான ஒரே சொல். டாக்சிக்காரரைக் கூப்பிட உதவும். அதையே உரக்கச் சொல்லிக் கையை நீட்டினேன். தான் நிற்கும் இடத்துக்குத்தான் ஏதோ ஆபத்து என்று நினைத்துவிட்டாள், பாவம். இரண்டு பிள்ளைகளையும் இரு கையிலும் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். பிள்ளைகளையும் கூட்டி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் கேட்டதைவிடக் காட்சி நன்றாகவே அமைந்துவிட்டது.

பாதித் தெருவில் அவள் விழுந்தாள். சின்னதும் கூடவே விழுந்தது. பெரியது மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்தது. 'உயிரைப் பணயம் வைத்துக் கை நீட்டியவர்' என்று நீங்கள்தான் பாராட்டுரையில் எழுதினீர்கள். கை மட்டும்தான் சுவருக்கு வெளியே இருந்தது.

துப்பாக்கிக்காரன் இருப்பது தெரிந்துதான் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை என் விரலை விடவே இல்லை. பிள்ளையைப் பிடித்தபடியே திரும்பி, கேமராமேனிடம் கேட்டேன்.

"இந்தத் தடவயாவது பதிவாச்சா?"