ஏழுமணியாரும் படி இறங்கிய நாயும்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆற்று ஆணையத்தின் தலைவர் அவர்களே, நான்கு நாடுகளிலிருந்து வந்திருக்கும் பிரதிநிதிகளே, ஆணையத்தில் இப்போது இல்லாத ஒரு நாட்டிலிருந்து யாரும் அனுப்பாமல் தாமாகவே வந்து மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தினரே, முன்வரிசையில் இருக்கும் ஏழுமணியாரின் மனைவி, நம் எல்லோருக்கும் அக்கா அவர்களே, அவர்களின் மகளே, மருமகனே, அலுவலக நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளர் அல்ல, இந்த ஆணையத்தின் சட்ட ஆலோசகர். அடிக்குறிப்பு எழுதியே பதினெட்டு வருடங்களை ஓட்டியவள். இன்று என்னைப் பேசச் சொன்னவர் அக்கா. சொல்லும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்: "அழ வெச்சிடாதீங்க. அவருக்கு அது ஆகாது. சிரிக்க வெச்சீங்கன்னா மகராசியா இருப்பீங்க." சட்டம் படித்தவளிடம் நிபந்தனையைச் சொன்னால் அதை மீற முடியுமா? முயன்று பார்க்கிறேன்.

நீர்மட்டத் தகவல் பிரிவின் தலைவர், நம் எல்லோருக்கும் ஏழுமணியார், சென்ற வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலை ஏழு மணிக்கும் அலுவலகம் வந்து, ஐந்து நாட்டு நீர்மட்டத்தையும் அனுப்பி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். வேலையைப் பாக்கி வைக்காத மனிதர்! முப்பத்தோரு வருடக் குடும்ப வாழ்க்கையில் காலை ஏழு மணிக்கு அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று அக்கா சொல்வார். மகளின் திருமணத்தன்றும் முகூர்த்தத்தை ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்த தகப்பன் அவர். மருமகன் இதை இன்னும் மறக்கவில்லை என்பது அவர் சிரிப்பிலேயே தெரிகிறது.

அவருடைய வேலைதான் என்ன? ஒரு ஆறு ஐந்து நாடுகள் வழியாக ஓடுகிறது. மலையிலிருந்து கடல் வரை அவற்றை முதல் நாடு, இரண்டாம் நாடு என்று வரிசை எண் வைத்துத்தான் அலுவலகத்தில் சொல்வோம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு நாடும் தன் எல்லையில் ஆறு எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று தொலைபேசியில் சொல்லும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, ஐந்து நாடுகளுக்கும் அனுப்புவார். இவ்வளவுதான். இதற்கு ஒரு ஆணையம், ஒரு கட்டடம், நூற்றிருபது பக்க ஆண்டறிக்கை வேண்டுமா?

வேண்டாம் என்றே நான் நினைத்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. பல நாடுகள் கூடி ஒத்துழைப்பது என்ற சொற்றொடரைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். பதினெட்டு வருடங்களாக அந்த மாநாட்டு அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். குளிர்சாதனக் காற்று எந்த நாட்டின் தலையில் நேராக அடிப்பது என்பதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் ஏழுமணியார் எழுந்து போய் அந்த இயந்திரத்தையே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தலைவர் முறைத்தார். அவரோ, "எல்லாருக்கும் சமமா வேர்க்கட்டுங்க" என்றார். அன்றைய நிகழ்ச்சி நிரல் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. ஆணையத்தின் வரலாற்றில் அதற்கு முன்பும் அப்படி நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு, இதே கட்டடத்தில், இந்த ஆணையத்தை மூடிவிடலாமா என்று வாக்கெடுப்பு. பிரதிநிதிகள் இரங்கலுக்காக மட்டும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இனி இரண்டிரண்டு நாடுகளாகப் பேசிக்கொள்ளலாம், ஐந்து பேர் கூடி உட்காரும் காலம் போய்விட்டது என்பது தீர்மானத்தின் சாரம். அதற்கான சட்டக் கருத்துரையை எழுதும் பொறுப்பு எனக்கு. 'மூடலாம், தடையில்லை' என்று பதினான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அவர் இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தக் கருத்துரை என் மேசையில் தயாராக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது ஆறு வருடக் கதை. மூன்றாம் வரிசை விருந்தினரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, இரண்டாம் நாடு கட்டிய அணை பிடிக்காமல் மூன்றாம் நாடு ஆணையத்தை விட்டு வெளியேறியது. கோப்பைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டுப் பிரதிநிதி கிளம்பினார். போகிறவர்களுக்கு நம் தகவல் எதற்கு, அனுப்புவதை நிறுத்துங்கள் என்று மற்ற நாடுகள் சொன்னன. நிறுத்தச் சொல்லும் கடிதத்தை எழுதியது யார்? நான்தான். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஏழுமணியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் கோடு போட்ட ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தார். தகவல் அனுப்பும் பட்டியலில் எந்த மாற்றம் செய்வதானாலும் ஐந்து நாடுகளும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வெளியேறிய நாட்டை நீக்கும் தாளிலும் வெளியேறிய நாடு கையெழுத்திட வேண்டும்!

இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். விதியை எழுதியவர்கள் எவரும் வெளியேறுவார் என்று நினைக்காததால் வந்த பிழை என்று வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பிழைதாம்மா, நான் இல்லைன்னு சொல்லல. அவங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா அந்த நிமிஷமே நிறுத்திடறேன். வரச் சொல்லுங்க."

எப்படி வரச் சொல்வது? வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்றல்லவா ஆகிவிடும்? சட்டப்படி அவரை அசைக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. மறுநாளும் ஏழு மணிக்குத் தகவல் மூன்றாம் நாட்டுக்குப் போனது. அதற்கு மறுநாளும் போனது. மழையிலும் போனது, எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட அந்த ஐந்து வாரமும் போனது. பதில் வந்ததா? வரவில்லை. நன்றி வந்ததா? அதுவும் இல்லை. சுவரோடு பேசுகிற மனிதர் என்று சாப்பாட்டு அறையில் கேலி பேசினோம். கேலி பேசியவர்களில் நானும் உண்டு.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை மூன்றாம் நாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் அங்கே ஆற்றங்கரை அளவு நிலையத்தின் பொறியாளர். நீர்மட்டத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஆனால் தினமும் காலையில் தன் நாயை ஆற்றுப் படிக்கட்டில் கூட்டிக்கொண்டு போவதைச் சொல்லக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. "எங்க நாய் இன்னைக்குப் பதினோரு படி இறங்குச்சுங்க, தண்ணி கால்ல பட்டதும் நின்னுடுச்சு" என்றார். வைத்துவிட்டார்.

அந்தப் படிக்கட்டு ஏழுமணியாருக்குத் தெரியும். பழைய நாட்களில் ஐந்து நாட்டுக் குழுவோடு ஆய்வுக்குப் போனபோது ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு வந்திருந்தார். எத்தனை படி வெளியே தெரிகிறது என்று சொன்னால், ஆறு எவ்வளவு உயரம் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார். கீழே நான்காம் நாட்டுக்கும் ஐந்தாம் நாட்டுக்கும் அந்த ஓர் எண் இல்லாமல்தான் நான்கு மாதம் கண்ணைக் கட்டிவிட்டது போல் இருந்தது. பதிவேட்டில் மூன்றாம் நாட்டுக்கு நேரே அவர் எழுதியது: 'நாய் – 11'.

தணிக்கைக்கு வந்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். நாய் – 11. நாய் – 9. நாய் – 12. பக்கம் பக்கமாக நாய்! சர்வதேச ஆவணத்தில் இது என்ன சார் என்று கேட்டேன். நாய்க்கு உடம்பு நன்றாக இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த பெருவெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காலை ஏழு மணி. "நாய் இன்னைக்கு வாசலையே தாண்டலைங்க" என்று அந்தக் குரல் சொன்னது. படிக்கட்டு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். ஏழுமணியார் தேநீரை அப்படியே வைத்துவிட்டு நான்காம் நாட்டுக்கு அழைத்தார். பத்து மணிக்குள் ஆற்றோரச் சந்தையும் இரண்டு பள்ளிக்கூடங்களும் காலி செய்யப்பட்டன. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எந்தப் பைத்தியக்காரன் வெள்ளம் என்று சொன்னான் என்று கடைக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்களாம். இரண்டு மணிக்குச் சந்தைக் கூரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. நான்காம் நாட்டுப் பிரதிநிதி அவர்களே, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்கள் மகள் அந்தப் பள்ளிகளில் ஒன்றில் படித்தாள் என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் விசாரணை வந்தது. எந்த ஆதாரத்தை வைத்து எச்சரிக்கை கொடுத்தார் என்று கேள்வி. அறிக்கை எழுத வேண்டியவள் நான். அவரிடம் கேட்டேன். "நாய் சொல்லுச்சுன்னு எழுதுங்கம்மா" என்றார். நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி, 'நீண்டகாலமாக நம்பகத்தன்மை நிரூபிக்கப்பட்ட உள்ளூர் ஆதாரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கதை இன்னும் இருக்கிறது.

அவர் மறைந்த மறுநாள், திங்கட்கிழமை. பதிவேட்டை வாங்கிப் பூட்டி வைக்க நான் காலையிலேயே இரண்டாம் மாடிக்குப் போனேன். மூடப் போகிற அலுவலகத்தின் ஆவணம், பத்திரப்படுத்த வேண்டாமா? சரியாக ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மூன்றாம் நாட்டுப் பொறியாளர். ஐயா இல்லையா என்று கேட்டார். சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நாயா? அது போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சுங்கம்மா. நான்தான் இறங்கிப் பாக்கறேன்."

நண்பர்களே, வெள்ளம் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு! செத்துப்போன நாயை நம்பகமான ஆதாரம் என்று ஐந்து மொழிகளில் சான்றளித்த ஒரே சட்ட ஆலோசகர் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஐயாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்றார். துக்கம் விசாரித்துவிட்டு, "நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, விட்டுடாதீங்க" என்றாராம் ஏழுமணியார்.

தொலைபேசியை வைத்த பிறகு பதிவேட்டைப் பூட்ட எனக்குக் கை வரவில்லை. என் பதினான்கு பக்கத்தில் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசுவது எளிது, விரைவானது என்று எழுதியிருந்தேன். எளிதுதான். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஐந்து பேராக இருந்ததால்தான் ஒருவர் எழுந்து போன பிறகும் அவருக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. நாம் அனுப்புவதை நிறுத்தாததால்தான் அவர் ஒருநாள் தொலைபேசியை எடுத்தார். பெரிய மனம், உயர்ந்த கொள்கை என்றெல்லாம் நான் இப்போதும் சொல்லத் தயாரில்லை. ஒரு விகாரமான விதி, அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்ட ஒரு மனிதர், அந்தப் பக்கம் முட்டிவலியோடு படி இறங்கிய இன்னொரு மனிதர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சந்தையும் இரண்டு பள்ளிக்கூடங்களும் தப்பிக்கும். இதைவிடப் பெரிய வாதம் எனக்கு வேண்டியதில்லை.

சென்ற வெள்ளி அந்தப் பொறியாளரின் கடைசி வேலை நாள். ஏழு மணிக்கு அழைத்தார். படிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

"மூணு மீட்டர் நாப்பது. எழுதிக்கோங்க. சொன்னது யாருன்னு கேட்டா என் பேரையே போடுங்க."

வேண்டாம் சார், ஓய்வூதியம் இருக்கிறது, ஏதாவது ஆகிவிடும் என்றேன். "அடுத்த வாரம் நீங்க மூடிட்டீங்கன்னா, நான் மறைச்சு வெச்சு என்னங்கம்மா ஆகப்போகுது?" என்று கேட்டார். எழுதினேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக மூன்றாம் நாட்டுக்கு நேரே ஓர் எண்ணும் ஒரு மனிதரின் பெயரும் இருக்கின்றன. மூன்று மீட்டர் நாற்பது சொன்னவர் இன்று பேருந்தில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து இங்கே வந்திருக்கிறார். தூணுக்குப் பின்னால் மறைய வேண்டிய அவசியம் இனி அவருக்கு இல்லை. ஐயா, முன்னால் வந்து அக்கா பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருப்பவர் அழைக்கிறாரா இல்லையா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். சட்ட ஆலோசகருக்கு வாயை மூடிக்கொள்ளவும் சம்பளம் உண்டு.

தலைவர் அவர்களே, என் பதினான்கு பக்கக் கருத்துரையை இன்று காலை திரும்பப் பெற்றுக்கொண்டேன். புதியது ஒன்றரைப் பக்கம், உங்கள் மேசையில் இருக்கிறது. 'மூடக் கூடாது' என்று அதில் காரணத்தோடு எழுதியிருக்கிறேன். தவறாகச் சொல்லிப் பழகியவள் திருத்திச் சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஏழுமணியார் விட்டுப்போன வேலைக்கு ஆள் போடும்வரை நானே பார்க்கிறேன் என்று அக்காவுக்கு இந்தச் சபையின் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். எட்டு மணிக்கு முன் கண் விழித்துப் பழக்கமில்லாதவள் நான் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். நான் கொடுக்கும் வாக்கின் கனம் அவர்களுக்குப் புரியும்.

பிரதிநிதிகளே, நாளை கை தூக்குவதும் தூக்காததும் உங்கள் உரிமை. வாக்கெடுப்பு பத்து மணிக்கு. அதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக இரண்டாம் மாடிக்கு வந்தீர்கள் என்றால், உங்கள் ஊர்களில் ஆறு எப்படி இருக்கிறது என்று உங்கள் காதாலேயே கேட்கலாம். அறை சின்னது. ஐந்து நாற்காலி போட்டு வைக்கிறேன்.