அண்ணாந்து குடித்தவர்

பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கம் அமெரிக்கா வந்த பிறகும் எனக்கு வரவில்லை. அதை வைத்துத்தான் அவர்கள் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

இர்விங்கில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் இரவு வேலை பார்த்தேன், சார். லீவு கிடைத்தால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுவேன். இந்த முறை மேற்கு டெக்சஸ் பாலைவனம். மண்பாதை முடிகிற இடத்தில் கூடாரம் போட்டிருந்தேன். காலையில் ஒரு வேன் வந்து நின்றது. நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கிய பெண் உள்ளே திரும்பிச் சொன்னார்.

“ஏனுங்க, அண்ணாந்து குடிக்கறாரு. நம்மூருதானுங்க.”

கணவர் கிட்டுசாமி, மனைவி கலாவதி. இர்விங்குக்குப் பக்கத்தில் காப்பெலில் வீடு. நல்ல மனிதர்கள்.

“தம்பிக்கு எந்தூரு?”

“புளியம்பட்டிங்கண்ணா.”

“புளியம்பட்டில யாரு பையன்?”

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியை விடமாட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். வேறு பெயர் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

“அட, எண்ணெய் மில்லு நஞ்சுண்டன் மாமன் பையனா நீ? எங்கய்யனுக்கு அவரு சேத்தாளி, உசுருக்குசுரான சிநேகிதரு ஆச்சே!”

கிட்டுசாமி என் வேலையைக் கேட்டார். அப்பாவிடம் சொல்லிவைத்திருந்ததையே சொன்னேன். இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் ப்ரோகிராமர். கம்பெனி பெயரும் சொல்லி, ஆறாவது மாடி என்றேன்.

“தம்பி, நானும் அந்த பில்டிங்தான். அங்க மாடியே நாலுதான். அதுக்கு மேல புறாதான் வேலை பாக்குது.”

கலாவதி அக்கா சிரித்தார். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, படிப்பைப் பாதியில் விட்டதைச் சொல்லவேண்டியதாயிற்று. கிட்டுசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

“ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு ஆளே பத்தல. உன்னைய ட்ரெய்ன் பண்ணி உள்ள சேத்தறது என் பொறுப்பு. வீட்டுக்குப் போனதும் மாமனுக்கு நானே ஃபோன் பண்ணிப் பக்குவமாச் சொல்றேன்.”

“வேண்டாங்கண்ணா. அப்பாவுக்கு ஹார்ட் வீக்குங்க.”

“எத்தன நாளைக்கு மறைப்பே? மாமன் தாங்குவாரு, உடு.”

தாங்குவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் விழுந்தபோது தூக்கியவன் நான். ஒரு பக்கம் அப்பா. மறுபக்கம் அன்று காலை அறிமுகமான ஒருவர். நியாயமாகத்தான் யோசித்தேன்.

வெயில் ஏறியது. கிட்டுசாமி தங்கள் கூடாரத்துக்கு முளை அடித்து முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். என் கேனைக் கொடுத்தேன். அடுத்தவர் கேன் என்பதால் தூக்கிப் பிடித்து ஊற்றிக்கொண்டார். அண்ணாந்து குடிப்பவருக்கு வானம் தவிர எதுவும் தெரியாது. கழுத்து முழுவதும் வெளியே இருக்கும். முளை அடித்த சுத்தியல் காலடியில் கிடந்தது. முதல் அடி தொண்டையில். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகச் சிவப்பாக வந்தது. விழுந்த பிறகு நெற்றியில் அடித்தேன், அது நெற்றியாக இல்லாமல் போகும்வரை.

அக்கா வேனுக்குப் பின்னால் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, ஊறுகா எலுமிச்சையா, மாங்காயா?” என்றார், திரும்பாமல். மாங்காய் என்றேன். அவருக்கும் அப்பாவைத் தெரிந்துவிட்டதே, என்ன செய்ய? பின்மண்டையில் அடித்தேன். ஒரு அடி போதவில்லை. தவழ்ந்து கொஞ்ச தூரம் போனார். வேனைச் சுற்றி வந்து முடித்தேன்.

மூன்று தட்டில் தயிர்சாதம் போட்டிருந்தார். வீணாக்க மனம் வரவில்லை. ரோந்து ரேஞ்சர் வந்தபோது மூன்றாவது தட்டில் இருந்தேன்.

நீங்கள் போலீஸிலிருந்து ஊருக்கு ஃபோனில் பேசியதாக இந்த மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார். நான் படிப்பை விட்டது அப்பாவுக்கு முதல் வருடமே தெரியுமாம். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். அதை நான் நம்பவில்லை, சார். தெரிந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார். நீங்களே பேசினீர்கள் அல்லவா, உயிரோடுதானே இருக்கிறார்? நான் அதைச் செய்ததால்தான்.