நீலக் கோடு

— கையை மேஜை மேல வை. தொங்கப் போடாதே.

— வெச்சுட்டேன்க்கா. சீக்கிரம் கட்டி விடு... மத்தியானம் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டணும்.

— ஒத்தைக் கையாலயா?

— பிடிச்சுக்க ஆள் இருக்கு.

— காலையிலேருந்து ஆஸ்பத்திரியில பதினாறு கட்டு பிரிச்சுட்டு வரேன். ஒருத்தரும் இப்படி விரட்டல.

— அவங்களுக்கு நீ நர்ஸு. எனக்கு அக்கா.

— கை கிழிஞ்சாலும் வாய்க்கு ஒண்ணும் ஆகல உனக்கு.

— ஸ்ஸ்...

— வலிக்குதா?

— இல்ல. துணி ஒட்டியிருக்கு. சட்டுனு இழுத்துடேன்.

— இழுத்தா புதுசா வர தோலும் கூடவே வந்துடும். உப்புத் தண்ணி ஊத்தியிருக்கேன். ஊறட்டும். இன்னிக்கு எத்தனாவது நாள்?

— அஞ்சு.

— முதல் ரெண்டு மூணு நாள் சிவக்கும், வீங்கும். உடம்பு தன் வேலையைப் பாக்குது, பயப்பட வேண்டாம். அப்புறம் வடியணும்.

— வடிஞ்சுடுச்சுக்கா. நீ போட்ட நாலு தையலும் கெட்டியா நிக்குது. இதுக்குப் போயி அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வா வான்னு...

— கெஞ்சினது யாரு? இங்கேயே தைச்சு விடுன்னு காலைப் பிடிக்காத குறை.

— இப்ப என்ன கெட்டுப் போச்சு? துணிதான் வந்துடுச்சே, கோட்டைப் பாரேன். முந்தாநாள் சிவப்பைச் சுத்தி நீ நீலப் பேனாவால போட்டது. சிவப்பு ஒரு நூல்கூட அதைத் தாண்டல.

— ம்...

— என்ன ம்?

— உடம்பு சுடுதே.

— பட்டறையிலேருந்து வெயில்ல நடந்து வந்தேன்.

— காலையில சாப்பிட்டியா?

— பசிக்கல.

— குளிருதா?

— கொஞ்சம்... போர்த்திக்கிட்டா சரியாயிடுது.

— இந்த வெயில்ல போர்த்திக்கிறியா... இந்தக் கோடு நான் போட்டதா?

— பின்ன யாரு? பேனா உன்னோடது.

— நான் வட்டம் போட்டா உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். சின்ன வயசுல நீயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பே. இது எங்கேயும் நடுங்காம போயிருக்கு. கண்ணாடி அறுக்கிறவன் கை.

— உனக்கு எதுலதான் சந்தேகம் வராது...

— ஸ்பிரிட் வாசனை வேற. நான் ஸ்பிரிட்டைத் தொடவே இல்ல. பட்டறையில கண்ணாடி மேல போட்ட கோட்டை அழிக்க வெச்சிருப்பியே, அதுதானே?

— ஆமா... அதுதான்.

— எத்தனை தடவை அழிச்சே?

— ரெண்டு. நேத்துக் காலையில... இன்னிக்குக் காலையில.

— அழிச்சுட்டு, சிவப்பு எதுவரைக்கும் வந்திருக்கோ அதுக்கு வெளியில புதுசா போட்டுக்கிட்டே.

— பயமா இருக்குக்கா. எங்க மேஸ்திரி பத்து விரலோட ஆஸ்பத்திரிக்குப் போனாரு. எட்டோட வந்தாரு.

— அடிபட்டு எத்தனை நாள் கழிச்சுப் போனாரு?

— பத்து நாள்... பன்னெண்டு நாள் இருக்கும்.

— அதைச் சொல்லு. அவர் விரலைத் தின்னது ஆஸ்பத்திரி இல்லடா, அந்தப் பன்னெண்டு நாள்.

— அக்கா...

— சொல்லு.

— முழங்கைக்கு மேல ஒரு செவப்புக் கோடு ஏறுது பாரு. அது... நான் போட்டதில்ல.

— தெரியுது. கையை ஆட்டாதே. அக்குள்ள வலிக்குதா?

— நெறி கட்டியிருக்கு. கையை எடுத்துடுவாங்களாக்கா?

— செருப்பைப் போடு. கீழே ஆட்டோ நிக்குது.

— ஆட்டோவா? அதை எப்பக் கூப்பிட்டே?

— நான் வந்த ஆட்டோதான். நிக்கச் சொல்லிட்டு வந்தேன்.

— கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியேவா? உனக்கு எப்படி...

— எழுந்திரு.

— சொல்லுக்கா. இன்னிக்குத்தானே கண்டுபிடிச்சே?

— நேத்துக் கட்டு மாத்தும்போதே தெரியும்டா. நேத்தே அது என் கோடு இல்ல. டாக்டர் பாக்காம, உள்ளே ஒழுங்காக் கழுவாம, இந்த மேஜையில வெச்சு உன் கையைத் தைச்சது நான். யார் தைச்சாங்கன்னு கேட்டா வேலை போயிடும்னு பயந்தேன். ராத்திரிக்குள்ள வடிஞ்சுடாதான்னு ஒரு நப்பாசை... நீ வரைஞ்ச கோட்டை, என் கோடுதான்னு நெனைச்சுக்கிட்டு, அது மேலேயே கட்டிட்டுப் போனேன்.